பரிசம் போட ஏறிய பெட்டி

என் மகனுக்குக் கண்டி ஸ்டேசனில் வேலை. ரயில் பெட்டிகளின் பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பான். அவன் சரி என்று சொன்னால்தான் வண்டி புறப்படும். அந்த வேலைக்கு அவன் பரீட்சை எழுதியபோது, விதிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பிக்கக் கேட்டவள் நான்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். கட்டுகஸ்தோட்டை வீட்டுக் குசினியில் நான் ரொட்டி சுட, அவன் அடுப்போரம் நின்று சொல்லுவான். பிரேக் கட்டை தேய்ந்தால் மாற்ற வேண்டும். எஞ்சினைக் கழற்றி மாட்டினால் பிரேக்கை மறுபடியும் சோதிக்க வேண்டும். சோதனையில் தவறிய பெட்டியை வண்டியோடு அனுப்பக் கூடாது. செபமாலை போல அதெல்லாம் எனக்கும் பாடமாகிவிட்டது.

காற்றால்தான் பிரேக் வேலை செய்கிறது என்பான். அது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

"காத்து எப்புடிடா இரும்பைப் புடிக்கும்?" என்று கேட்டேன்.

அவன் ஒரு காலிப் போத்தலை வாயில் வைத்து உறிஞ்சினான். போத்தல் உதட்டில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. "குழாய்க்குள்ள இருக்கிற காத்தை எஞ்சின் இப்புடி உறிஞ்சிக்கிட்டே இருக்கணும்மா. அப்பத்தான் பிரேக் விட்டுக் குடுக்கும். எங்கயாச்சும் காத்து உள்ள நுழைஞ்சா கட்டை போய்ச் சக்கரச் சில்லைப் புடிச்சுக்கும்" என்றான், போத்தலைப் பிடுங்கிய பிறகு. 'சீ' என்று ஒரு சத்தம் வந்தது. "இந்தச் சத்தம் கேட்டா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம்." அந்த ஞாயிற்றுக்கிழமை வீங்கின உதட்டோடுதான் பூசைக்கு வந்தான்.

அவனுக்கு ஹட்டன் பக்கம் ஒரு பெண் அமைந்தாள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற பிள்ளை. அவளுக்கு விருப்பம், இவனுக்கும் விருப்பம். அவள் அப்பாவுக்குத்தான் அரை மனது. ரயில்வே வேலை என்றால் எந்நேரமும் கிரீஸ், நேரத்துக்கு வீட்டுக்கு வரமாட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிசம் போட வரச் சொன்னார். பூசை முடிந்ததும் ஃபாதர் பெண் வீட்டுக்கு வந்து மோதிரங்களை மந்திரித்துவிட்டு, பகலைக்கு வேறொரு தோட்டக் கோயிலுக்குப் போய்விடுவார். அந்த வாரமே தவக்காலம் தொடங்குகிறது. தவக்காலத்தில் நல்ல காரியம் வைப்பதில்லை, அன்றைக்குத் தவறினால் இனிப் பாஸ்கா கழிந்துதான். அதற்குள் பெண்ணின் அப்பா மனம் மாறிவிட்டால்? எனக்கு அந்தப் பயந்தான்.

அன்று காலை மகனுக்கு டியூட்டி இருந்தது. நாங்கள் போகிற ஹட்டன் ரயிலை அனுப்பிவிட்டு, அவனும் அதே கோச்சியில் ஏறி வருவதாக ஏற்பாடு. அவனுடைய வெள்ளைச் சட்டையை நான் மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மேலே எங்கள் சொந்தக்காரர்கள் சீர்த் தட்டுகளை வைத்ததில் இடம் நிரம்பிவிட்டது. மற்றப் பெட்டிகளில் எல்ல என்கிற மலையூரைப் பார்க்கப் போகிற வெள்ளைக்காரர்கள் வாசற்படி வரை நின்றார்கள்.

கண்டிக்கு வந்த கோச்சி வந்த வழியே திரும்பித்தான் பேராதனை போய், அங்கிருந்து ஹட்டனுக்கு ஏற வேண்டும். ஆகவே எஞ்சினைக் கழற்றி அடுத்த பக்கம் மாட்டினார்கள். மாட்டினால் சோதனை. கடைசிப் பெட்டியில் கார்ட் ஐயா காற்று உறிஞ்சலை அளக்கிற ஊசியைப் பார்த்தார். ஏற வேண்டிய அளவுக்கு ஊசி ஏறவில்லை. மகன் தண்டவாளத்தில் இறங்கி ஒவ்வொரு குழாயாகக் காது வைத்துக் கேட்டான். ஒவ்வொரு பெட்டியாகக் குழாயைக் கழற்றி மூடிப் பார்த்தான். கடைசியில் எங்கள் சன்னலுக்கு வந்து நின்றான். முகமெல்லாம் கறுப்பு.

"அம்மா, ஓட்டை இந்தப் பெட்டியிலதான். கழட்டப் போறோம். எல்லாரும் எறங்குங்க."

அவனோடு வேலை செய்கிறவர் பின்னாலேயே வந்தார். "மச்சான், ஊசி கொஞ்சந்தானே கம்மி? இன்னைக்கு ஒனக்குப் பரிசம். போறதும் ஏத்தம். ஏத்தத்துல பிரேக் எதுக்கு?"

"ஏறுன கோச்சி பின்னுக்கு உருண்டா நீ கல்லு வைப்பியா?"

என் தம்பி, மகனுக்குத் தாய்மாமன், சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினான். "டேய், மாமன் சொல்றேன், விடுறா வண்டிய! இத்தனை தட்டோட எங்கடா எறங்கி எங்க ஏறுறது? பொண்ணு வேணுமா வேணாமா?"

"வேணும் மாமா. எறங்குங்க."

பெட்டியில் அதுவரை பாட்டும் சிரிப்புமாக ஒரே இரைச்சல். அவன் அப்படிச் சொன்னதும் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். அந்த அமைதியில்தான் கேட்டது. சீ... என்று, போத்தல் சத்தம்.

அண்ணாந்து பார்த்தேன். சன்னலுக்கு மேலே சிவப்புச் சங்கிலி ஒன்று ஓடுகிறதல்லவா, ஆபத்து வந்தால் இழுப்பதற்கு? அதிலே எங்கள் பரிசத்து வாழைக்குலை தொங்கிக்கொண்டிருந்தது. தாய்மாமன் சுமந்து போகிற குலை அது. கால் படுகிற இடத்தில் வைக்கக் கூடாது. மேலே இடமில்லை என்று, நான் வெளியே மகனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், தம்பி கயிறு போட்டு அதிலே மாட்டிவிட்டான். ஒரு ஆள் பாரம். சங்கிலி வில்லாக வளைந்திருந்தது.

நான் பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்தால்கூடச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஹோல்ட்டில் இறங்கி நடந்து வருகிறவள். தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"பொறு அக்கா, நான் பேசுறேன்ல."

மறுபடி இழுத்தேன். அவன் திரும்பவில்லை. வெளியே கழற்றுகிற ஆட்கள் வந்துவிட்டார்கள். என் தொண்டைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது அந்தச் சத்தம்.

"டேய்! குலையை எறக்குடா!"

பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கமெராவைத் தூக்கியது. நான் மடியிலிருந்த மகனுடைய சட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

மகன் உள்ளே ஓடி வந்தான். மேலே பார்த்தான். குலையை மடியில் வாங்கிக்கொண்ட மாமனைப் பார்த்தான்.

"மாமா, இது கோச்சிய நிப்பாட்டுற சங்கிலி."

"அப்புடியா? நல்ல பலமா இருக்கேன்னுதான் மாட்டுனேன்."

முதலில் சிரித்தவன் என் மகன்தான். பிறகு பெட்டி முழுக்க. சிரித்துக்கொண்டே போய், பெட்டிக் கோடியில் சங்கிலி திறந்துவிட்டிருந்த அடைப்பானை மூடினான். சீ என்ற சத்தம் நின்றது.

"சரி மச்சான், போ, போய்ச் சட்டைய மாத்து" என்றார் கூட வேலை செய்கிறவர்.

"இல்ல. முதல்லேருந்து பாக்கணும்."

பார்த்தான். எஞ்சின் தொடங்கி வால் வரைக்கும் நடந்து, ஒவ்வொரு கட்டையும் சில்லைப் பிடிக்கிறதா, விடுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தான். தம்பி பல்லைக் கடித்தான். நான் சன்னலில் இருந்தபடி விதியை வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டே அவன் போகிற போக்கைப் பார்த்தேன். ஒன்றையும் அவன் விடவில்லை. பச்சைக் கொடி காட்டினார்கள். ஓடி வந்து ஏறினான். வாசலில் நின்று நான் போத்தல் தண்ணீர் ஊற்ற, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தான். நகக்கண்ணில் கறுப்பு போகவே இல்லை.

பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஃபாதர் மோட்டார் சைக்கிளில் ஏறி, ஹெல்மெட் போட்டு, உதைத்தும் விட்டார். ஹட்டன் ஸ்டேசனில் நாங்கள் பிடித்து வந்த வாடகை வான் குறுக்கே போய் நின்றது. என் தம்பி குலையோடு குதித்து, "ஃபாதர், ஒரு அஞ்சு நிமிசம்!" என்று கத்தினான். அவர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முற்றத்திலேயே மோதிரங்களை மந்திரித்தார். மகனுடைய மோதிரம் கொஞ்சம் இறுக்கம். ஆனால் விரலில் மிச்சமிருந்த கிரீஸில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டது. பெண் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கோச்சி ஏன் சுணங்குச்சு?" என்று கேட்டார் அவள் அப்பா.

"உங்க மாப்பிள்ளதான் நிப்பாட்டுனார்" என்றான் தம்பி. "சொந்த மாமனையே கீழ எறங்குன்னு சொன்ன மனுசன்!" குலை விசயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட்டான்.

பெண்ணின் அப்பா என் மகனுடைய கையை எடுத்து, நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் மாசா மாசம் கண்டி ஆஸ்பத்திரிக்கு அந்தக் கோச்சியிலதான் எறங்குறேன். இனிமே கண்ணை மூடித் தூங்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அவரே என் மகனுக்குச் சோறு போட்டார்.

பின்னேரம் ஸ்டேசனுக்கு வழியனுப்ப வந்தவர், எங்களுக்கென்று ஒரு பெரிய பலாப்பழம் கொண்டு வந்தார். சம்பந்தி வீட்டுப் பழம், அதையும் காலடியில் வைக்க முடியாது. மேலே தட்டெல்லாம் மறுசீர் நிறைந்து கிடந்தது. எங்கள் எல்லாருடைய கண்ணும் ஒன்றாகச் சிவப்புச் சங்கிலிக்குப் போனது.

தம்பி துண்டை மடியில் விரித்தான். அந்தப் பழத்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டே கண்டி வரைக்கும் வந்தான்.