“உங்க சாஸ்தா எது, அண்ணாச்சி?”

குற்றாலத்தில் சீசன். ஊரே அருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. நான் மட்டும் போன மாதம் ஆய்க்குடியில், பேயறைந்த மாதிரி இருந்த கணபதி அண்ணாச்சியின் எதிரே உட்கார்ந்திருந்தேன். தென்காசியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நண்பர். கடையில்தான் பார்த்துப் பழக்கம்; வீட்டுக்குப் போனது அன்றுதான் முதல் தடவை.

என்ன விஷயம்? மகனுக்கு லவ். பெங்களூரில் கூட வேலை பார்க்கும் பெண், வீடு அச்சன்புதூர். ஜாதகம் சரி, மனசும் சரி. பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரியெல்லாம் முடிந்த பிறகு, பெண்ணின் அப்பா எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

“உங்க சாஸ்தா எது, அண்ணாச்சி?”

வெளியூர் வாசகர்களுக்காக... எங்கள் சீமையில் குடும்பத்துக்கு ஒரு சாஸ்தா உண்டு. முன்னோர் முதலில் குடியிருந்த ஊரில் இருப்பார். பிழைப்புக்கு எங்கே போனாலும் பங்குனி உத்திரத்துக்கு அங்கே போய்க் கும்பிட வேண்டும். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சாஸ்தா என்றால் பங்காளிகள். பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

அண்ணாச்சிக்குத் தன் சாஸ்தா எது என்று தெரியாது. தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். கௌரவம் விட்டால்தானே? யாரோ ஒரு நண்பரோடு போய் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வந்த கோயிலின் பேரை எடுத்துவிட்டார்!

பெண்ணின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். “அது எங்க சாஸ்தால்லா! அப்ப உங்க பையனுக்கு எம்மவ தங்கச்சி முறைல்லா ஆகுது?”

அவ்வளவுதான். இனிமேல் போய் மாற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள்? மகன் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கோ பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

பேச்சை மாற்றத்தான் கேட்டேன். “டீக்கடையில உம்ம வீடு எங்கனன்னு கேட்டா, ‘புன்னைக்குறிச்சியார் வீடா?’ன்னு சொல்லுதாங்க. அது என்னவே?”

“எங்க தாத்தா காலத்துலயே அப்படித்தான் கூப்பிடுவாங்க. யாருக்குத் தெரியும்?”

“மலையடிவாரத்துல ஒரு குளத்துக்கு அந்தப் பேரு இருக்குவே!”

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

யோசித்துப் பாருங்கள்... புதிதாகக் குடிவந்தவனை ஊர் எப்படிக் கூப்பிடுகிறது? அவன் விட்டுவந்த ஊரின் பேரைச் சொல்லித்தான். வந்தவன் மறந்துவிடுகிறான் – தெரு மறப்பதில்லை. எங்கள் பக்கத்து ஊர்ப் பேர்களில் பாதி இப்படி அடுத்தவர் வைத்ததுதான் என்பது என் கட்சி. தன் ஊருக்குத் தானே எவனாவது ‘புதூர்’ என்று பேர் வைப்பானா? பக்கத்து ஊர்க்காரன் வைத்திருப்பான். எத்தனை தலைமுறை போனாலும் அது புதூர்தான்.

அந்தச் சனிக்கிழமையே காரை எடுத்தோம். கெஞ்சிக் கூத்தாடிப் பெண்ணின் அப்பாவையும் ஏற்றிக்கொண்டோம். போய்ப் பார்த்தால் புன்னைக்குறிச்சியில் ஒரு வீடுகூடக் கிடையாது. வயல், குளம், கரையில் ஒரு மருதமரம். மரத்தடியில் சாஸ்தா, புது மாலையோடு. யாரோ நேர்த்திக்கடனுக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கிண்டிக்கொண்டிருந்த அம்மாளுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். அண்ணாச்சி தயங்கித் தயங்கிச் சொன்னார். “நாங்க ஆய்க்குடி. எங்க வீட்டப் புன்னைக்குறிச்சியார் வீடுன்னு சொல்லுவாங்க...”

கரண்டி நின்றுவிட்டது.

“ஆய்க்குடிக்குப் போன வீடா? ஏலே, எல்லாரும் இங்கன வாங்கலே!” என்று ஒரு சத்தம். பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, “வருஷா வருஷம் உத்திரத்துக்கு ஆய்க்குடிக்காரங்க பங்குன்னு தனி இலை போட்டுட்டுத்தான் இருக்கோம். இத்தன நாளா எங்க போனிய?” என்றார்.

அண்ணாச்சி குழந்தை மாதிரி அழுதுவிட்டார். பெண்ணின் அப்பாதான் தோளில் கையைப் போட்டார்.

“அழாதிய சம்பந்தி. பொங்கல் ஆறிரும்.”

ஆவணியில் கல்யாணம். முதல் பத்திரிகையைக் கொண்டுபோய் வைத்தாயிற்று – ஒரு வீடுகூட இல்லாத ஊரில்!