ஐந்தாம் மாடிக்குப் போகும் கெர்னல்

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு 'ஒரு நிமிஷம் மேடம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் "ஒரு நிமிஷம்" என்பார். அப்புறம் மூன்று மணி நேரத்துக்குத் தலை நிமிராது. டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர். லிஃப்ட்டின் மூளையான சின்னப் பலகையில் ஓடும் கெர்னல் என்ற அடிப்படை நிரலைப் பற்றிய குறிப்புகளைத் தட்டச்சு செய்து செய்தே அதைக் கரைத்துக் குடித்துவிட்டார். பட்டம் வாங்கிக்கொண்டு வந்த எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

அந்தப் பலகையில் இருப்பது யாரும் சீந்தாத பழைய சிப். ஒரு நிரல் இன்னொன்றைக் கூப்பிடும்போது எதை எங்கே வைப்பது, யார் இடத்தை யார் தொடக்கூடாது என்று ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் முறை உண்டு. இதன் முறை ஊரோடு ஒத்துப்போகாத ரகம். இதைப் பயன்படுத்த ஆளில்லை, அடுத்த பதிப்பில் நீக்குகிறோம் என்று, நாங்கள் எழுதும் நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரைப் பராமரிக்கும் குழு அறிவித்தது. மேடம் எழுதி எழுதிச் சண்டை போட்டார். சரி, புதிய கம்பைலரில் கட்டிய கெர்னல் ஒழுங்காக ஓடுவதை வெள்ளிக்கிழமைக்குள் காட்டுங்கள் என்றார்கள்.

காட்டாவிட்டால், இனி கெர்னலைப் புதுப்பிக்க வழியில்லை என்று ஆய்வுத்துறை அந்தப் பலகை உள்ள லிஃப்ட்டுகளைப் பூட்டிவிடும். மாற்றுப் பலகை வர ஒரு வருஷம் ஆகும். மேடம் குடியிருப்பது ஐந்தாம் மாடி. கூட இருக்கும் அக்கா கணக்கு டீச்சர். சக்கர நாற்காலியில்தான் தினமும் பள்ளிக்கூடம் போய் வருகிறார். லிஃப்ட்டைப் பூட்டினால் அவருக்கு வேலையும் போச்சு, வெளி உலகமும் போச்சு.

சோதனை மேசை என் பொறுப்பு. புதிய கெர்னலை இரண்டு நாள் ஓட்டினேன், ஒரு பிசகும் இல்லை. மார்தட்டிக்கொண்டு, புதன்கிழமை அதை அவர்கள் வீட்டு லிஃப்ட்டில் ஏற்றினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அரை மணி நேரத்தில் மூன்று தடவை, கதவு பாதி மூடியபடி அப்படியே உறைந்துபோனது. மூன்று தடவையும் உள்ளே இருந்தவர் அக்கா. கதவை நெம்பித் திறந்த என்னை அவர் பார்த்த பார்வையில், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனைப் போலக் கூசிப்போனேன்.

"தம்பி, உங்க மேசையில பட்டனை யாராவது அழுத்தினாங்களா?"

"இல்லைங்க டீச்சர். எந்த மாடிக்குப் போகணும்னு கம்ப்யூட்டரே சொல்லிடும்."

"அப்ப என்னத்தைச் சோதிச்சீங்க? உள்ள வந்து இந்தச் சக்கர வண்டியைத் திருப்புற வரைக்கும், கதவு மூடிடாம இருக்க அதோட பட்டனை நான் விடாம தட்டிக்கிட்டே இருப்பேன். அப்பதான் நின்னுபோகுது. சும்மா வந்தா நல்லாத்தான் வருது."

மேடம் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஐயோ, நாம ஏன் இதை யோசிக்கல! பட்டன்! குறுக்கே வர்ற வேலை!"

பட்டனை அழுத்தினால் கெர்னல் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அதைக் கவனிக்கும். இந்தச் சிப்பின் முறைப்படி, சின்ன நிரல்கள் தங்கள் இடத்துக்கு வெளியேயும் கொஞ்சம் கேட்காமலே சாமான் வைத்துக்கொள்ளலாம். சாதாரண நிரலில் யாரும் அங்கே வரமாட்டார்கள். கெர்னலில் மட்டும், குறுக்கே வரும் வேலை நேரே அந்தச் சாமான் மேலேயே கடையை விரிக்கும். அதனால் 'அந்த இடத்தைத் தொடாதே' என்று கம்பைலரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது வழக்கம். நாங்களும் சொல்லியிருந்தோம். அதுவும் தலையாட்டியது. ஆனால் உள்ளே போய்த் தேடினால், எல்லாச் சிப்புக்கும் அந்தப் பேச்சைக் கேட்கிற கம்பைலர் இதற்கு மட்டும் தலையாட்டியதோடு சரி!

மேடம் எழுதிய திருத்தம் மொத்தமே பதினோரு வரி. அவர்கள் வீட்டு லிஃப்ட்டில் பழைய கெர்னலையே திரும்ப ஏற்றிவிட்டு, வியாழக்கிழமை என் மேசையில் நிஜப் பட்டனைப் பொருத்தினேன். மாலை பள்ளி விட்டதும் அக்கா வந்து, "நகருங்க தம்பி, இது என் வேலை" என்று உட்கார்ந்துகொண்டார். திருத்தாத கெர்னல் நானூறு தட்டுக்குள் செத்தது. திருத்தியது ஆயிரத்தைத் தாண்டியது, ஐயாயிரத்தைத் தாண்டியது. விரல் வலிக்க, மூவரும் முறை வைத்துத் தட்டினோம். இத்தனை வருஷத்தில் இந்த ஆபீஸில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இரவே மேடம் திருத்தத்தையும் சோதனை முடிவையும் கம்பைலர் குழுவுக்கு அனுப்பினார். வெள்ளி மதியம் பதில் வந்தது. பிழை எங்களுடையது, திருத்தத்தைச் சேர்த்துவிட்டோம், அந்த முறையை நீக்கப்போவதில்லை என்று மூன்றே வரி. நான் போட்ட கூச்சலில் கணக்குப் பிரிவே எழுந்து வந்துவிட்டது.

திங்கள் காலை ஐந்தாம் மாடியில் திருத்திய கெர்னலை ஏற்றி முடித்தேன். லிஃப்ட் வாசலில் நின்று மேடம் அந்தப் பதினோரு வரியை எனக்கு மறுபடி விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே போய், பட்டனைப் படபடவென்று தட்டி, வண்டியைத் திருப்பினார். லிஃப்ட் உறைந்துபோகாமல் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது.

"அக்கா, இரு, நாங்களும் வர்றோம்!"

"முதல் பீரியட் எனக்கு. நீங்க பேசி முடிச்சுட்டுப் படியில வாங்க."

கதவு மூடிக்கொண்டது. ஐந்து மாடியும் ஓடி இறங்கி நாங்கள் மூச்சிரைக்க வாசலுக்கு வந்தபோது, அவர் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார்.