நாற்பத்தொன்றாம் எண்ணின் குரல்

கிளி என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. ஆனால் கல்லூரியில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் ஆள் யாரென்று தெரியும். ஒருவர் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டால் போதும், அச்சு அசலாக அப்படியே திருப்பிப் பேசிவிடுவாள். பள்ளியில் படித்தபோது தலைமையாசிரியை குரலில் மைக் பிடித்து அரைநாள் லீவு அறிவித்தாள். பாதிப் பள்ளிக்கூடம் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிய பிறகுதான் மாட்டிக்கொண்டாள். அவளுடைய அப்பா பஸ் கண்டக்டர். மகளைத் திட்ட வாயெடுத்தவர், "அந்த அம்மா அப்படி எப்படித்தான் பேசுவாங்க, ஒரு தடவ பேசிக் காட்டு" என்று கேட்டுவிட்டார். அப்புறம் எங்கே திருந்துவது?

கல்லூரிக்கு வந்ததும் இந்தத் திறமைக்கு ஏகக் கிராக்கி. கணக்கு சார் வகுப்பில் கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம். சார் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். வருகைப் பதிவேட்டில் இருக்கும் எண்ணைக் கூப்பிடுவார், குரல் வந்தால் டிக் அடிப்பார். கண்ணுக்கு வேலை கொடுக்காத மனுஷனுக்குக் காது மட்டும் படு கூர்மை. ஒரே குரல் இரண்டு எண்ணுக்கு வந்தால் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார். அதனால் அவர் வகுப்பில், வராதவர்களுக்காகக் குரல் கொடுக்க, அதாவது ப்ராக்ஸி கொடுக்க, கிளியை விட்டால் நாதியில்லை.

அவளுடைய அறைத்தோழி நெட்டைக்கு எண் நாற்பத்தொன்று. படுத்தால் விடுதிக் கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவு உயரம். வாலிபால் மைதானத்தில் அவள் போடும் சத்தம் மெஸ் வரைக்கும் கேட்கும். இரண்டாம் வருஷம் ஒரு தேர்வில் கோட்டைவிட்டாள். முதலில் மைதானத்துக்குப் போவது நின்றது. அப்புறம் வகுப்பு நின்றது, அதற்கப்புறம் குளியலும் நின்றது.

"தலை வலிக்குதுடி. இன்னிக்கு மட்டும் கொடுத்துடு."

அந்த 'இன்னிக்கு மட்டும்' அனுமார் வாலாக நீண்டது. கிளியும் சளைக்கவில்லை. காலையில் நெட்டைக்காகக் குரல் கொடுத்தாள், மத்தியானம் மெஸ்ஸிலிருந்து தட்டில் சாப்பாடு கொண்டுவந்து மூடிவைத்தாள். சாயங்காலம் பார்த்தால் தட்டு வைத்தது வைத்தபடி இருக்கும். "கொடுத்து வச்சவ, நாள் பூரா தூங்குறா" என்று பக்கத்து அறைக்காரிகள் பொறாமைப்பட்டார்கள். தோழிக்கு உயிரையே கொடுப்பதாகக் கிளிக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அட, மண்டு!

பிறகு நெட்டை அம்மாவின் போனையும் எடுப்பதை விட்டாள். "நீயே பேசிடு. சாப்பிட்டேன், தூங்கினேன்னு சொல்லு, அவ்வளவுதான்." கிளி அதையும் செய்தாள். அவள் பேசியது மைதானத்தில் கத்திக்கொண்டிருந்த பழைய நெட்டையின் குரல். பெற்ற தாயே நம்பிவிட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் அந்த அம்மா போனில் சிரித்தார்.

"இப்பதான்டி உன் குரல்ல உயிரே வந்திருக்கு. நடுவுல என்னமோ மாதிரி பேசின. நேர்ல வந்து பாத்துடலாம்னு பையில துணியெல்லாம் எடுத்து வச்சேன். இப்ப நிம்மதியாயிடுச்சு. எல்லாத்தையும் திரும்ப அலமாரியில வச்சிட்டேன்."

கிளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தாள் நெட்டை, தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவளைத் தேடி வரவிருந்த ஒரே ஆளையும் தானே தடுத்து நிறுத்திவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

"அம்மா, அந்தப் பையை மறுபடி எடுங்க" என்றாள், தன் சொந்தக் குரலில். "இவ்வளவு நாளா பேசினது அவ இல்ல. அவகூட ரூம்ல இருக்கிற நான்தான் அவ குரல்ல பேசினேன். அவளுக்கு முடியலம்மா, உடனே வாங்க."

தலையணை பறந்து வந்து முகத்தில் விழுந்தது. "துரோகி" என்றாள் நெட்டை. அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

அம்மா அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். கல்லூரி மருத்துவர் நெட்டையின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பேசினார். "உடம்புல ரத்தம் ரொம்பக் கம்மி. அதோட மனச்சோர்வும் இருக்கு. ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கும்மா. இது சோம்பேறித்தனம் இல்ல, யாரும் அவள அப்படிச் சொல்லிடாதீங்க" என்றார். நெட்டை அம்மாவோடு வீட்டுக்குப் போனாள். கிளியிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

மறுநாள் வகுப்பில் கணக்கு சார் "நாற்பத்தொன்று" என்றார். பழக்கதோஷத்தில் கிளியின் வாய் திறந்தது. கையால் பொத்திக்கொண்டாள். "குடுடி, அட்டெண்டன்ஸ் போயிடும்" என்று பக்கத்தில் இருந்தவள் இடித்தாள். கிளி கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த எண்ணுக்கும் யார் கெஞ்சியும் கொடுக்கவில்லை. வகுப்பில் பாதிப் பேர் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போங்கள் என்று விட்டுவிட்டாள். அவள் வாய்விட்டுப் பேச விரும்பிய ஒருத்தியோ ஒரு செய்தியும் அனுப்பவில்லை.

வாரங்கள் ஓடின. ஒரு காலையில் கணக்கு சார் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, "நாற்பத்தொன்று" என்றார்.

"பிரசன்ட் சார்."

கடைசி பெஞ்சிலிருந்து, கரகரப்பாக, மெதுவாக வந்தது குரல். கிளி திரும்பிப் பார்க்கும் முன்பே சாரின் பேனா நின்றுவிட்டது.

"யாரது? இது நாற்பத்தொன்னோட குரல் இல்லையே! அந்தப் பொண்ணு குரல் எனக்குத் தெரியும், கணீர்னு இருக்கும். யார் ப்ராக்ஸி கொடுக்கிறது?"

நெட்டை எழுந்தாள், முழு உயரத்துக்கும். "சார், இதுதான் என் குரல்."

"அப்ப நான் இத்தனை நாள் கேட்டது?"

இதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியுமா? கிளி எழுந்து நின்றாள். "அது நான் சார்."

வகுப்பே சிரித்த சிரிப்பில் கூரை அதிர்ந்தது. சார் அந்த வருஷத்தில் முதல்முறையாகக் கண்ணாடியைக் கழற்றி இரண்டு முகங்களையும் பார்த்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டது எல்லாருக்கும் தெரிந்தது. "நீ இனிமே முன் பெஞ்ச். உனக்குக் குரல் கிடையாது, கையைத் தூக்கினாப் போதும்" என்றார் கிளியிடம். பிறகு நெட்டையைப் பார்த்து, நிதானமாக, மறுபடி கூப்பிட்டார். "நாற்பத்தொன்று."

நெட்டை மூச்சை இழுத்துப் பிடித்தாள். மைதானத்தில் பந்தை அடிக்கும் முன் பிடிப்பாளே, அதே மூச்சு.

"பிரசன்ட் சார்!"

வராந்தாவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். கிளி அழுதுகொண்டே கைதட்டினாள். வகுப்பே சேர்ந்து தட்டியது.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது பின்னாலிருந்து ஒரு நீளக் கை வந்து கிளியின் பையைப் பிடித்து இழுத்தது.

"ஏய் கிளி. என் குரல் எப்படி இருந்துச்சு?"

கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் பேசுற அளவுக்கு இல்ல" என்றாள். "போகப் போக வந்துடும்."