சரசு வீட்டு ஓட்டுக்கு மேலே

டி.வி.க்கு டிஷ் ஆன்டெனா வாங்கப் போனபோது கடைக்காரர் கம்பிவலை போட்டதைத்தான் காட்டினார். "நம்மூரு ஆடிக் காத்துக்கு இதுதாங்க தாங்கும்" என்றார். எனக்கோ முழுத் தகட்டில் செய்த பெரிய டிஷ் மேல்தான் கண். சூலூரில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் டிஷ். தூரத்திலிருந்தே தெரிய வேண்டாமா?

ஆடி பிறந்தது. ஒரு மத்தியானம் மொட்டை மாடியில் காற்று தகட்டை அறைந்த வேகத்தில், டிஷ்ஷின் கால் போல்ட் ஒன்று தெறித்துவிட்டது. டிஷ் பக்கத்து வீட்டுப் பக்கமாகச் சாய்ந்தது. கீழே சரசுவின் ஓட்டுக்கூரை. அதற்கு நேர் அடியில்தான் அவளுடைய கைக்குழந்தையின் தொட்டிலைப் பார்த்திருக்கிறேன்.

தகட்டை மார்போடு அணைத்துப் பிடித்தபடி கத்தினேன். "அம்மணி, கொழந்தையத் தூக்கிட்டு வெளிய போயிரு."

சரசு கிணற்றுக் கயிற்றோடு மாடியேறி வந்தாள். இருவருமாக டிஷ்ஷைக் கைப்பிடிச் சுவரோடு இழுத்துக் கட்டினோம். முடிச்சு விழுந்ததும் கேட்டேன்.

"கொழந்தை எங்க?"

"பின்னால சமையக்கட்டுல தூங்கறானுங்க. நீங்க இதை வெச்ச அன்னிக்கே தொட்டில அங்க மாத்திப்போட்டனுங்ணா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"ஆசையா வெச்சிருந்தீங்க. எப்படிங்க சொல்றது?"

அந்த வாரமே கம்பிவலை டிஷ் மாற்றினேன். அதற்கு முன்பெல்லாம் தினமும் சாயங்காலம் எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்து, "படம் நல்லாத் தெரியுதுங்களா?" என்று விசாரிப்பாள் சரசு. டிஷ்ஷின் அழகைத்தான் பார்க்கிறாள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.