கையில் விழுந்த எள்

இப்போது பெங்களூரில் தை பிறக்கப் போகிறதென்றால் எள்ளையும் வெல்லத்தையும் கலந்து பாக்கெட்டில் போட்டுக் கடை வாசலில் தொங்கவிடுகிறார்கள். தமிழ்க்காரர்களும் கூசாமல் வாங்கிப் போகிறார்கள். நான் சிறுமியாக இந்த ஊருக்கு வந்தபோது அப்படி இல்லை.

அப்பாவுக்கு மில்லில் வேலை கிடைத்து, குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். எதிர்வீட்டு அக்கா கன்னடக்காரி. வந்த அன்றே சாம்பார் கொடுத்தனுப்பினாள். வாயில் வைத்த அம்மா, "இன்னாங்க இது, கொழம்புல வெல்லத்தைப் போட்டிருக்கா? அப்ப பாயசத்துல மொளகாப்பொடி போடுவாளா?" என்று கேட்டாள். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மார்கழியில் விஷக்காய்ச்சல் வந்து அவர் படுத்துவிட்டார். மனிதர் தெரியாத ஊரில் டாக்டரைக் கூட்டி வந்ததும், வேளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அந்த அக்காதான்.

பொங்கலன்று காலையில் அவளுடைய மகள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு தட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். என் வயதுதான். வெள்ளை எள், வெல்லத் துண்டு, கொப்பரை, வேர்க்கடலை எல்லாம் கலந்து, மேலே சர்க்கரையில் வார்த்த கிளி. "எள்ளு பெல்லா திந்து ஒள்ளே மாத்தாடி" என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லி, என் கை நிறைய அள்ளிப் போட்டாள். தின்றுவிட்டு நல்ல வார்த்தை பேசு என்று அர்த்தம்.

உள்ளேயிருந்து வந்த அம்மா என் கையைப் பார்த்தாள். ஓங்கித் தட்டிவிட்டாள். எள் வாசலெல்லாம் சிதறியது.

"ஆம்பள படுத்த படுக்கையா கெடக்கற வூட்ல எள்ளை எடுத்தாந்து கையில குடுக்கறியே! யாருடி உன்னை அனுப்புனது?"

அந்தப் பெண் அழுதுகொண்டே ஓடினாள். அக்கா வந்தாள்.

"ஏன் தங்கி, என்ன தப்பாச்சு? ஹப்பத்துக்கு, பண்டிகைக்கு, எல்லார் வீட்டுக்கும் குடுக்கறதுதானே இது?"

"எங்க ஊர்ல செத்தவங்களுக்குத்தாங்க்கா எள்ளு. தண்ணியோட எறைக்கறது" என்று சொல்லிவிட்டு அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். குனிந்து, யார் காலும் படாமல் எள்ளையெல்லாம் கூட்டி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். சாயங்காலம் வழக்கம்போலக் கஞ்சி வந்தது. அம்மா வாங்கிக்கொண்டாள்.

தை முடிவதற்குள் அப்பா போய்விட்டார். அதற்கு அம்மா மில்லைத் திட்டியிருக்கிறாள், டாக்டரைத் திட்டியிருக்கிறாள், சாமியையும் விட்டதில்லை. அந்த எள்ளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறு வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை. வரிசையில் மற்ற பிள்ளைகளெல்லாம் கையில் எள்ளும் வெல்லமுமாகத் தின்றுகொண்டு திரிந்தார்கள். கடைசியில் அக்காவே தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா எழுந்து போய் இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கியவள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். வெல்லம் இருந்தது, கொப்பரை இருந்தது, கடலை இருந்தது. எள் ஒன்றுகூட இல்லை. வெல்லத்தில் ஒட்டியிருந்ததைக்கூட நகத்தால் சுரண்டி எடுத்த தடம் தெரிந்தது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா படியிறங்கியதும், "அப்பா இல்லாத வூடுன்னுதானே நமக்கு மட்டும் கொறைச்சுக் குடுக்கறாங்க? திருப்பிக் குடுத்துடும்மா" என்றேன்.

அம்மா ஒரு வெல்லத் துண்டை எடுத்து என் வாயருகே கொண்டுவந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.