நந்தியாவட்டையின் வெள்ளை

என் மனைவியின் நந்தியாவட்டைச் செடியைக் கொன்றது நான்தான். ஜார்ஜ் டவுனில் எங்கள் பிளாட்டின் பால்கனியில் உட்கார்ந்து வரைவேன். தூரிகை கழுவிய டர்பன்டைனை எடுத்துப்போய்க் கொட்டச் சோம்பி, அவளுடைய பூந்தொட்டியில் ஊற்றினேன். அவள் கடல் பாலத்துக்கு அக்கரையில், பத்து காவான் என்ற ஊரில், மகள் வீட்டில் இருந்த நாட்களெல்லாம் ஊற்றினேன்.

அங்கிருந்தே அவள் கண்புரை அறுவைக்குப் போனாள். புரை விழுந்ததிலிருந்து வெள்ளையெல்லாம் அவளுக்குப் பழுப்பு மஞ்சள். "கட்டு அவுத்ததும் மொதல்ல என் பூவத்தான் பாக்கணும்," என்று போனில் சொன்னாள். அப்போது செடி கருகியிருந்தது.

வேறு செடி வாங்கி வைத்தால் கண்டுபிடித்துவிடுவாள். என் கைப்பேசியில் அந்தப் பூவின் படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து எண்ணெய் வர்ணத்தில் வரைந்து கொடுத்துவிட்டு, செடி இப்போது பூக்கவில்லை என்று சமாளிக்க நினைத்தேன். கட்டம் போட்டு இதழ்களை அளந்தேன். முதலில் நிழல், பிறகு வெளிச்சம். ஆனால் அது இரவில் பால்கனி விளக்கடியில் எடுத்த படம். பூவின் வெள்ளை எது, விளக்கின் மஞ்சள் எது? ஒப்பிட்டுப் பார்க்கப் பூ இல்லை. படத்தில் தெரிந்த நிறத்தையே குழைத்துப் பூசினேன்.

அவள் இரவில் வீடு திரும்பினாள். மறுநாள் காலை, மருத்துவர் சொன்னபடி, நானே கட்டை அவிழ்த்து, செடி இப்போது பூக்கவில்லை என்று சொல்லி ஓவியத்தை நீட்டினேன். மற்ற கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இன்னும் ஈரம் காயாத ஓவியத்தைப் பார்த்தாள். முகம் மாறியது.

"என்னாங்க, மஞ்சளாத்தான் தெரியுது. ஆப்ரேஷன் சரியா வரலையா?"

"கொஞ்ச நாள் போனா சரியாயிடும்," என்றேன்.

"அப்ப அடுத்த கண்ண நான் குடுக்க மாட்டேன் லா." மகளை அழைக்கக் கைப்பேசியை எடுத்தாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. என் பனியனை இழுத்துக் காட்டினேன். "இது என்ன நெறம்?"

"வெள்ள... ஐயோ, என்னா வெள்ள!"

"உன் கண்ணு நல்லாருக்கு. படந்தான் தப்பு."

"அப்ப என் செடி எங்க?"

சொன்னேன். அவள் பால்கனிக்குப் போய்க் குனிந்து மண்ணை முகர்ந்தாள்.

"புள்ளைங்களுக்கு சயன்ஸ் சொல்லிக் குடுத்த வாத்தியாரு! செடி டர்பன்டைன் குடிக்குமா?" சிரிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. "செடி போனா போவுது. என் கண்ணு போச்சுன்னு நான் பயந்தப்ப சும்மா பாத்துக்கிட்டு இருந்தீங்களே."

இரண்டாவது அறுவைக்கும் மகளைத்தான் அழைத்துப் போனாள். இந்த முறை கட்டை அவிழ்த்ததும் மகள்தான்.