வட்டரயிலில் ஒரு பிரதட்சிணம்

பெர்லின் நகரத்தில் நாங்கள் காலூன்றியதை யார் கேட்டாலும் வெற்றிக் கதையாகத்தான் சொல்கிறேன். வென்றது என் மனைவி. நான் கூடவே இருந்தும் அவள் எப்படி வென்றாள் என்பதுதான் ஆச்சரியம்.

ஐம்பதை நெருங்கும் வயதில் அலுவலகம் என்னை மூன்று ஆண்டு வேலைக்கு அங்கே அனுப்பியது. கிளம்புமுன் அந்த நாட்டுச் சரித்திரம் பற்றி நாலு தடித்த புத்தகங்கள் படித்து முடித்தேன். முதல் உலகப் போர் ஏன் மூண்டது என்று இரண்டு மணி நேரம் பேச என்னால் முடியும். காய்கறித் தோலை எந்த நிறத் தொட்டியில் போடுவது என்றுதான் தெரியவில்லை. அவள் ஒரு பக்கமும் படிக்கவில்லை. மூன்றாம் நாளே தொட்டிகளின் நிறமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கீழ்வீட்டு அம்மாள் அவளைப் பார்த்தால் சிரிப்பார்; என்னைப் பார்த்தால் தொட்டியைத் திறந்து பார்ப்பார்.

அவள் திருவெறும்பூர்க்காரி. அப்பா தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்தவள். வண்டியே வராத தெருவில் பச்சை விளக்குக்காக ஜனங்கள் காத்து நிற்பதைப் பார்த்து நான் சிரித்தபோது, "இதுல சிரிக்க என்ன இருக்கு? எங்க குவார்ட்டர்ஸ்லயும் இப்படித்தான்" என்று அவர்களோடு போய் நின்றுகொண்டாள்.

நான் ஸ்ரீரங்கம். தெற்குச் சித்திரை வீதியில் எங்களுக்குப் பாத்திரக்கடை. கோயிலைச் சுற்றிச் சுற்றி வீதிகள் போகும் ஊரில் பிறந்தவனுக்கு நேர்கோட்டின் மேல் கொஞ்சம் சந்தேகம் இருக்கும். என் அப்பா முக்கியமான காரியமாகக் கிளம்பினால் கோயில் வலக்கைப் பக்கம் வரும்படிதான் நடப்பார். கீழச் சித்திரை வீதி கடையிலிருந்து கூப்பிடு தூரம். நல்ல காரியம் என்றால் அதற்கும் மேல வீதி, வடக்கு வீதி எல்லாம் சுற்றி வியர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேருவார். பாதியில் எதையாவது மறந்தது தெரிந்தாலும் திரும்ப மாட்டார். பாதிப் பிரதட்சிணத்தில் திரும்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் வட்டரயில் ஓடும் ஊரில் விட்டால் என்ன ஆகும்? நகரத்தின் நடுப்பகுதியை வளைத்து ஒரு தண்டவாளத்தில் கடிகாரச் சுற்றாகவும், பக்கத்துத் தண்டவாளத்தில் எதிர்ச்சுற்றாகவும் ரயில்கள் ஓடுகின்றன. முழுச் சுற்றுக்கு ஒரு மணி நேரம். வரைபடத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பிரதட்சிணம்!" என்றேன்.

"ரயில்" என்றாள்.

வந்து எட்டு மாதம் ஆயிற்று. பதினெட்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், ஒரு வருஷ லீவு போட்டுவிட்டு என்னோடு வந்திருந்தாள். திரும்பி வருகிறாளா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் சொல்லும்படி பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"உங்களுக்கு ஆபீஸ் இருக்கு. நான் இங்க உங்க லக்கேஜ் மாதிரி வந்திறங்கியிருக்கேன். கடுதாசிக்குப் பதில் போடறதுக்குள்ள எனக்குன்னு ஒரு வேலை கிடைக்கலேன்னா நான் ஊருக்குப் போயிடறேன்."

"அப்ப நான்?"

"உங்களுக்குத்தான் நாலு புத்தகம் இருக்கே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தாள். அவள் போய்விட்டால் அந்த ஊரில் என் வாழ்க்கை குப்பைத் தொட்டியோடு நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

மாதக் கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. எட்டரைக்கு நேர்காணல், பிறகு உண்மையான வகுப்பில் ஒரு பாடம் நடத்திக் காட்டவேண்டும். எங்கள் ஸ்டேஷனிலிருந்து மூன்றே ஸ்டேஷன், ஆறு நிமிடம். என்ன, எதிர்ச்சுற்று.

"நல்ல காரியத்துக்குப் போகும்போது அப்பிரதட்சிணமாவா?" என்றேன்.

"ஏழு மணிக்குக் கிளம்பினா உங்க இஷ்டப்படி சுத்தி வரேன். லேட்டாச்சுன்னா நேர் வழி" என்றாள்.

ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம். என் சட்டையை நான் இரண்டு தடவை இஸ்திரி போட்டதுதான் காரணம். நேர்காணல் யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

எங்கள் ஸ்டேஷனில் ஒரே நடைமேடை. இரண்டு பக்கமும் ரயில் வரும். எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு இரண்டும் ஒன்றாக வந்து நின்றன. "வாங்க" என்று அவள் இடப்பக்கம் ஏறினாள். "வாம்மா" என்று நான் வலப்பக்கம் ஏறினேன். கதவுகள் மூடின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெரிந்தது. பின்னே நகர்ந்தது அவளா நானா என்று யோசிப்பதற்குள் ரயில்கள் பிரிந்துவிட்டன.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பியிருக்கலாம். கால் எழவில்லை. வீட்டு வழக்கத்தைச் சொன்னேனே. நகரம் வலக்கைப் பக்கம் கம்பீரமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் நல்ல மனத்தோடு அவளுக்காக வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு நிமிடம் கழித்து போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?"

"சுத்திட்டு இருக்கேன்."

"என் சர்டிபிகேட்டெல்லாம் உங்க தோள்ல தொங்குது. தெரியுமா?"

தொட்டுப் பார்த்தேன். தொங்கியது.

"திரும்பி வந்தாலும் அரை மணி ஆயிடும், நேர்காணலுக்கு ஆகாது" என்றாள். பிறகு, "எட்டு ரெண்டுக்குத்தானே ஏறினீங்க?"

"ஆமா."

"அப்படியே உக்காந்திருங்க. நடுவுல எங்கயும் இறங்காதீங்க."

வைத்துவிட்டாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவள் என்னைத் திட்டாமல் போனை வைத்தது அதுதான் முதல் தடவை. மிச்சச் சுற்றில் எனக்குப் பிரார்த்தனை ஓடவில்லை. வீட்டிலிருக்கும் அந்தப் பெட்டியின் பூட்டு கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஸ்டேஷனில் இறங்கி, பையை நெஞ்சோடு அணைத்து, மூச்சு வாங்கப் பள்ளிக்கூட வாசலை எட்டினேன். வரவேற்பில் இருந்த பெண்மணி என் பெயரைக்கூடக் கேட்காமல் ஒரு வகுப்பறைக்குக் கூட்டிப்போனார். கதவைத் திறந்ததும் இருபது பிள்ளைகள் 'ஹோ' என்று கத்திக் கைதட்டினார்கள். எனக்கு யாரும் அப்படிக் கைதட்டியதில்லை, கும்பிடு போட்டுவிட்டேன். முன் வரிசைச் சிறுமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ஒரு நிமிஷம் லேட்" என்றாள்.

கரும்பலகை முழுக்கப் பெரிய வட்டம். அதில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒரு மனைவி, எதிர்த்திசையில் கிளம்பும் ஒரு கணவன். சுற்றுக்கு அறுபது நிமிடம். மனைவிக்கு ஆறு நிமிடம். அப்படியானால் கணவன் எப்போது வருவான்? ஐம்பத்து நாலு நிமிட ரயில், பத்து நிமிட நடை. ஒன்பது ஆறு என்று போட்டு அடிக்கோடு இழுத்திருந்தது.

"அவர் ஏன் திரும்பி வரல்லைன்னு பசங்க கேட்டாங்க" என்று பிறகு சொன்னாள். "அதுக்கு ஃபார்முலா இல்லேன்னுட்டேன்."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியையிடம் சர்டிபிகேட் கோப்பை நீட்டினேன். வாங்கி, திறக்காமலே மேஜைமேல் வைத்துவிட்டு, என் மனைவியைப் பார்த்து, எப்போது சேர முடியும் என்று கேட்டார்.

"திங்கட்கிழமை" என்றாள் இவள், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

வெளியே வந்ததும் திருவெறும்பூருக்கு போன் போட்டாள். "அப்பா, வேலை கிடைச்சிருச்சு. ஆமாப்பா, இங்கேயேதான் இருக்கப் போறேன்... அவரா? வந்தாரு, வந்தாரு. அவரை வச்சுத்தான் பாடமே எடுத்தேன்."

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பதில் எழுத நான் உதவுவதாகச் சொன்னேன். இப்படிப்பட்ட கடிதங்களில் எனக்கு நடை கைகொடுக்கும். முதல் பத்தியை மனத்துக்குள் அமைத்துக்கொண்டே தெரு முனைக்கு வந்தபோது, அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

"அனுப்பிட்டேன். மூணு வரிதான்."

(அன்று சாயங்காலம் நான் பெட்டியைப் பரணில் ஏற்றினேன். அது மட்டும் தனியாகவே செய்தேன்.)